பேக்கப் இருக்கிறது, கணக்கு திரும்பி வருமா?

ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டர்னுக்கு டிசம்பர் 31 கடைசி நாள். திருவண்ணாமலையின் அரிசி மண்டிகளிலிருந்தும் கிரிவலப் பாதை லாட்ஜுகளிலிருந்தும் வரும் கடிதங்களில் ஒரே குழப்பம்: "கணக்கு கிளவுடில் இருக்கிறது. அது போதாதா?" 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அதன் பிறகு, "கடைக்குள் தண்ணீர் புகுந்தால்?" என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

முதலில் சட்டம். விபத்தாலோ இயற்கைக் காரணத்தாலோ பதிவேடு அழிந்தால் 'நியாயமான காலத்துக்குள்' மீட்கும்படி மின்னணு நகல் இருக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி விதி 57. அந்தக் காலம் இரண்டு நாளா, இரண்டு மாதமா? விதி சொல்லவில்லை. சைபர் தாக்குதல் என்ற சொல்லும் அதில் இல்லை. ஆனால் இன்று கணக்கைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது ரான்சம்வேர்தான்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் சிக்கல். கணினியில் நுழைந்ததும் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பூட்டும். கூடவே செருகியிருக்கும் ஹார்டு டிஸ்க்கையும் விடாது. கிளவுட் செயலியோ, கோப்பு மாறிவிட்டது என்று நினைத்து, பூட்டிய கோப்பையே மேலே ஏற்றிவிடும். நெற்றித் திருநீற்றை அழித்தால் கண்ணாடியில் தெரிவதும் அழியும். கிளவுட் செய்வதும் அதுதான். கூகுள் டிரைவ் போன்றவை பழைய பதிப்புகளைப் பொதுவாக 30 நாள் வைத்திருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும் பழைய கணக்கு பூட்டப்பட்டதை நீங்கள் நாற்பதாவது நாள் கண்டுபிடித்தால், அந்த வசதியால் பயனில்லை.

2022 நவம்பர் 23 அன்று தாக்கப்பட்ட டெல்லி எய்ம்ஸில் ஐந்து சர்வர்கள், ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதாக நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து இ-ஹாஸ்பிட்டல் தரவு முழுவதையும் மீட்டோம் என்றும் சொன்னது. நல்லது. ஆனால் நோயாளி பதிவு உள்ளிட்ட பெரும்பாலான பணிகள் திரும்ப இரண்டு வாரம் ஆனது. அதுவரை எல்லாம் காகிதத்தில்தான். காப்பாற்றியது தாக்குதல் எட்டாத அந்த ஒரு நகல். அது இருந்தும் இத்தனை நாள் என்றால், 'மீட்டோம்' என்ற அறிவிப்பை நாள்கணக்கோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஆகவே மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்ற பழைய விதியோடு இதையும் சேருங்கள்: ஒன்றாவது கழற்றி வைக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு டிஸ்க் வாங்கி வாரம் மாற்றி வாரம் பயன்படுத்துங்கள். மாதக் கடைசி நகல் ஒன்றை மூன்றாவது டிஸ்க்கில் எடுத்து, ஆரணியிலோ வேலூரிலோ இருக்கும் உறவினர் வீட்டில் வையுங்கள்.

மற்ற கேள்விகள்:

எல்லா நகலும் ஒரே கட்டடத்தில் இருந்தால்? 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் தரவு மையத் தீயில், வெளி நகல் இல்லாத 858 டெராபைட் அரசுக் கோப்புகள் போயின.

ஆடிட்டரிடம் இருக்கிறதே? அவரிடம் இருப்பது பெரும்பாலும் ரிட்டர்னுக்கான தொகை. உங்கள் கடன் பாக்கிப் பட்டியல் அல்ல.

எத்தனை காலம் வைக்க வேண்டும்? ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம்.

லாட்ஜில் வாங்கும் ஆதார் நகல்? தரவுப் பாதுகாப்பு விதிகளின் முக்கியக் கடமைகள் 2027 மே முதல் நடைமுறைக்கு வருகின்றன. பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. தேவையில்லாததை வாங்காதீர்கள்.

தாக்கினால் யாரிடம் சொல்வது? மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு ஆறு மணி நேரத்துக்குள். பணம் பறிபோயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

கேட்ட பணத்தைக் கட்டினால்? சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நகல் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? வேறொரு கணினியில் திறந்து, போன மார்ச் ரிட்டர்னோடு ஒத்துப்பாருங்கள். தொகை பொருந்தாவிட்டால் உங்களிடம் இருப்பது டிஸ்க் மட்டும்தான்.