ஒரு சார்ஜர், நான்கு கார்: குடியிருப்புகளில் முறை வைத்தால் போதும்

மின்சார கார் வாங்க நினைப்பவர்களிடம் விலை, பேட்டரி ஆயுள் பற்றிய பேச்செல்லாம் முடிந்த பிறகு ஒரு கேள்வி மிஞ்சி நிற்கிறது: ‘சார்ஜ் எங்கே போடுவது?’ போர்டிகோ உள்ள தனி வீட்டுக்காரருக்கு இதில் சிக்கல் இல்லை. நாகர்கோவில் பார்வதிபுரம் போன்ற பகுதிகளில் அடுக்குமாடி வீடு வாங்கியவர்களுக்கும், கார் நுழையாத வடசேரி, கோட்டாறு சந்துகளில் வசிப்பவர்களுக்கும்தான் சிக்கல். 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கும் அதிகமானோர் நெருக்கி வாழும் மாவட்டம் குமரி. ஆளுக்கொரு சார்ஜர் என்பது இங்கே எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் அது தேவையும் இல்லை. இருப்பதைப் பகிர்ந்துகொள்ள ஒரு ஒழுங்கு இருந்தால் போதும்.

எத்தனை சார்ஜர் வேண்டும்?

கணக்கு எளிது. கீசருக்கும் ஏசிக்கும் வைக்கிற 15 ஆம்பியர் பிளக் வழியாக ஒரு கார் மணிக்கு ஏறத்தாழ 3.3 யூனிட் இழுக்கும். இரவு 10 மணி முதல் காலை 6 வரை எட்டு மணி நேரத்தில் 26 யூனிட். ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்று குறைத்து வைத்தாலும் 150 கிலோமீட்டருக்கு மேல் ஓடலாம். திருவனந்தபுரம் போய்த் திரும்ப அது தாராளம்.

நம்முடையது சின்ன மாவட்டம். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி சுமார் 20 கிலோமீட்டர்தான். அலுவலகம், பள்ளிக்கூடம், சந்தை என்று நாளுக்கு 35 கிலோமீட்டர் ஓடும் காருக்கு நான்கு இரவுக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும். அதாவது ஒரு பிளக், நான்கு கார். நடுராத்திரி எழுந்து காரை மாற்றி நிறுத்த வேண்டியதில்லை. இரவுக்கு ஒருவர் என்று முறை வைத்தால் தீர்ந்தது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை முறை வைத்துக் கடைமடை வரை கொண்டுபோய்ச் சேர்த்த நாட்டுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல.

முறை வைக்காமல் ஆளுக்கொன்று மாட்டினால் என்ன ஆகும்? 7.4 கிலோவாட் சார்ஜர் நான்கு ஒரே நேரத்தில் ஓடினால் சுமை கிட்டத்தட்ட 30 கிலோவாட். பல கட்டடங்களின் கேபிளும் பேனலும் இதற்காகப் போடப்பட்டவை அல்ல. கூடுதல் சுமைக்கு மின்வாரியத்திடம் விண்ணப்பிக்க வேண்டும், பணம் கட்ட வேண்டும், சில இடங்களில் டிரான்ஸ்ஃபார்மரையே மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவு கார் இல்லாதவர் தலையிலும் விழும். குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் வரும் எதிர்ப்புக்கு இந்த அச்சம் முக்கியக் காரணம். அது நியாயமான அச்சமும்கூட.

விதிகள் என்ன சொல்கின்றன?

வாகனத்துக்குச் சார்ஜ் போட்டுக் கொடுப்பது ஒரு சேவைதான், மின்சார விற்பனை அல்ல. அதற்கு உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே தெளிவுபடுத்திவிட்டது. வீட்டில் இருக்கும் இணைப்பிலேயே வாகனத்துக்குச் சார்ஜ் போடலாம் என்றன அந்த அமைச்சகத்தின் 2022 ஜனவரி வழிகாட்டுதல்கள். தனி வீடுகள் தவிர்த்த புதிய கட்டடங்களின் வாகன நிறுத்தத் திறனில் 20 சதவீதத்துக்கு சார்ஜிங் வசதி வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகள் 2019-ல் திருத்தப்பட்டன.

கார் நிறுத்தும் தளத்தின் சுவரிலும் தூணிலும் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பங்கு உண்டு. ஆகவே பொது இடத்தில் சார்ஜர் வைப்பதைச் சங்கம் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும். ஜெர்மனியில் 2020 டிசம்பர் முதல், சார்ஜர் கேட்கும் உரிமை வீட்டு உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் சட்டப்படி உண்டு. எப்படி வைப்பது என்பதைக் குடியிருப்பு தீர்மானிக்கலாம். கூடாது என்று வெறுமனே மறுக்க முடியாது. நம் சங்கங்களும் இந்த மனநிலைக்கு வர வேண்டும்.

கரண்ட் பில் யார் கணக்கில்?

சண்டை தொடங்கும் இடம் இது. லிஃப்டும் மோட்டாரும் ஓடும் பொது மீட்டரில் காரைச் செருகினால் எல்லோரும் சேர்ந்து ஒருவரின் பயணத்துக்குப் பணம் கட்டுவதாகிவிடும். சொந்த வீட்டு மீட்டரிலிருந்து தனி ஒயர் இழுப்பது அடுத்த வழி. ஆனால் நாளுக்கு 35 கிலோமீட்டர் ஓடும் கார் இரண்டு மாத பில்லில் ஏறத்தாழ 350 யூனிட் சேர்க்கும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளுக்கான சலுகை விகிதமும் நம் கட்டண முறையில் போய்விடும். பில் திடீரென எகிறும்.

மூன்றாவது வழிதான் பகிர்வுக்கு ஏற்றது. சார்ஜிங்குக்கென ஒரு தனி மீட்டர், அதற்குக் கீழே ஒவ்வொருவர் யூனிட்டையும் பதிவு செய்யும் சார்ஜர். அட்டையைக் காட்டினாலோ செல்போன் செயலியில் தட்டினாலோதான் மின்சாரம் வரும். யார் எத்தனை யூனிட் எடுத்தார் என்ற கணக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பராமரிப்புக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று கூட்டத்தில் முடிவு செய்து சேர்த்துக்கொள்ளலாம்.

பொது சார்ஜிங் நிலையங்களுக்கு பகல் 9 முதல் 4 மணி வரை, சூரிய மின்சாரம் கிடைக்கும் நேரத்தில், கட்டணத்தைக் குறைக்கச் சொல்கின்றன மத்திய மின்துறை அமைச்சகத்தின் 2024 செப்டம்பர் வழிகாட்டுதல்கள். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் சார்ஜ் போடவைப்பது அதன் நோக்கம். குடியிருப்புகளும் இந்த யோசனையைப் பின்பற்றலாம்: பணி ஓய்வு பெற்றவர்களின் கார்கள் பகலில் வீட்டில்தான் நிற்கின்றன. அவற்றுக்குப் பகல் முறை கொடுத்தால் அதே பிளக்கில் இன்னும் சிலருக்கு இடம் கிடைக்கும்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம்

மாடி ஜன்னலிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டு, கீழே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் காரைச் செருகுவது ஆபத்து. எட்டு மணி நேரம் ஓயாமல் 15 ஆம்பியர் ஓடும்போது மெல்லிய ஒயரும் தளர்ந்த பிளக்கும் சூடேறும். பிளக்கின் துளை ஓரம் பழுப்பாகி, பிளாஸ்டிக் வாடை வந்தால் அன்றே நிறுத்திவிட வேண்டும். நமக்கு இரண்டு பருவமழை. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று வேறு. துரு பிடித்த எர்த் கம்பி இருந்தும் பயனில்லை.

எக்ஸ்டென்ஷன் ஒயர் கூடவே கூடாது, சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பவை மத்திய மின்சார ஆணையத்தின் விதிகள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., சார்ஜருக்கென தனி செம்புக் கேபிள், தண்ணீர் புகாத பெட்டி ஆகியவையும் அவசியம். வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடம்தான் கொடுக்க வேண்டும்.

எல்லைக்கு அப்பால்

களியக்காவிளையைத் தாண்டினால் இன்னொரு வழி தெரிகிறது. கேரள மின்வாரியம் 2021-ல் கோழிக்கோட்டில் தெரு மின்கம்பங்களிலேயே சார்ஜிங் பெட்டிகளைப் பொருத்திச் சோதித்தது. ஆட்டோவும் ஸ்கூட்டரும் அதில் சார்ஜ் போட, பணம் செல்போன் செயலி வழியாகப் போகிறது. பிறகு அது மாநிலம் முழுக்கப் பரவியது. வாகன நிறுத்துமிடமே இல்லாத கோட்டாறு போன்ற தெருக்களுக்கு அடுக்குமாடித் தீர்வைவிட இதுவே பொருந்தும். நாகர்கோவில் மாநகராட்சியும் மின்வாரியமும் சேர்ந்து நினைத்தால் ஒரு தெருவில் தொடங்கிப் பார்க்கலாம்.

சங்கம் எடுக்க வேண்டிய தீர்மானம்

முதலில் கட்டடத்தின் அனுமதிக்கப்பட்ட சுமையையும் உச்ச நேரப் பயன்பாட்டையும் அளக்க வேண்டும். அடுத்து ஒரு தனி மீட்டர், ஒன்றோ இரண்டோ சார்ஜர், கிழமை வாரியாக முறைப் பட்டியல். சார்ஜ் முடிந்தும் இடத்தைப் பிடித்து நிற்பவருக்கு அபராதம், அவசரப் பயணம் போகிறவருக்கு முன்னுரிமை ஆகிய இரண்டையும் எழுத்தில் வைக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவரையும் முறையில் சேர்க்க வேண்டும். அவரும் சந்தா கட்டுகிறவர்தான்.

இப்போது கட்டடம் எழுப்புகிறவர்கள் ஒவ்வொரு நிறுத்துமிடத்துக்கும் வெறும் பைப்பையாவது பதித்துவிட வேண்டும். சிமெண்ட் பூசும்முன் அது சொற்பச் செலவு. குடியேறிய பிறகு சுவரை உடைத்தால் பல மடங்கு. முதல் மின்சார கார் வந்து நின்ற பிறகு கூடும் கூட்டம் அந்த ஒருவரை எதிர்த்தோ ஆதரித்தோதான் பேசும். அதற்கு முன்பே கூடினால் எல்லோருக்குமான விதியைப் பேசலாம். அடுத்த பொதுக்குழு நிகழ்ச்சி நிரலில் இதைச் சேருங்கள்.