பால் பைத்தான் வளர்ப்பவரையே கடிப்பது ஏன்?

அமெரிக்கா, ஐரோப்பாவில் பலர் வீட்டில் வளர்க்கும் பாம்பு ‘பால் பைத்தான்’. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இதற்கும் பாலுக்கும் சம்பந்தமே இல்லை. பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்வதால் இந்தப் பெயர். விஷம் கிடையாது, ரொம்ப சாது. அப்புறம் ஏன் வளர்ப்பவரையே கடிக்கிறது?

பெரும்பாலும் கோபத்தில் அல்ல, குழப்பத்தில்! இதன் உதட்டோரக் குழிகள் உடல் சூட்டை உணரும். எலி வாசனையோடு நீளும் வெதுவெதுப்பான கை, பாம்புக்கு இரைதான். அதனால் உணவை நீளமான இடுக்கியில்தான் நீட்ட வேண்டும். வெளியே எடுக்கும் முன் கொக்கியால் உடலை மெல்லத் தொட்டுப் பழக்கினால், ‘இது சாப்பாட்டு நேரம் இல்லை’ என்று புரிந்துகொள்ளும். தூக்கும்போது தலையைப் பிடிக்காமல், உடலை இரு கைகளால் தாங்க வேண்டும்.

எவ்வளவு உணவு? பாம்பின் உடல் எங்கே அதிகப் பருமனோ, அந்தப் பருமனில் ஒரு எலி போதும். குட்டிக்கு வாரம் ஒருமுறை. வளர்ந்த பாம்புக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. உயிருள்ள எலி வேண்டாம், அது பாம்பையே கடித்துக் காயப்படுத்திவிடும். உறைந்த எலியை முழுசா இளக வைத்து, வெதுவெதுப்பாக்கிக் கொடுக்கலாம்.

முக்கியமான விஷயம்: சாப்பிட்ட பிறகு 48 மணி நேரம் தொடவே கூடாது. தொந்தரவு செய்தால் விழுங்கியதைக் கக்கிவிடும், உடல்நிலை மோசமாகும். தோல் உரிக்கும் முன் கண் மங்கும்போதும் விட்டுவிடுவதே நல்லது.

இந்தியாவில் வளர்க்கலாமா? நம்ம ஊர் மலைப்பாம்பை வீட்டில் வைத்திருப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் என்றால், அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்வது கட்டாயம்.