நூறாண்டு மழைக் குறிப்பேடு

மழைமானி மிக எளிய கருவி. இந்தியாவில் நெடுங்காலம் புழங்கிய சைமன்ஸ் மழைமானியின் வாய் 5 அங்குல விட்டம் கொண்டது. அதில் சேர்ந்த நீரை நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவார்கள். 1 மி.மீ. மழைக்குக் குவளையில் நிற்பது 13 மில்லிலிட்டருக்கும் குறைவான நீர்தான். பெய்யாத நாளிலும் சுழியம் எழுதியாக வேண்டும். வெறுமையாக விட்டால் அது மழையற்ற நாளா, அளக்காத நாளா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

சைதாப்பேட்டையில் இருந்த வேளாண் கல்லூரி 1906இல் கோவைக்கு வந்தது. இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக விளங்கும் அந்த வளாகத்தின் மழைக் கணக்கு நூறாண்டைத் தாண்டியது. கொங்கு நாட்டுக்கு இவ்வளவு நீண்ட கணக்கு தேவைதான். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வருவது பெரும்பாலும் காற்று. மழைக்கு ஐப்பசி, கார்த்திகையை நம்ப வேண்டும். அதுவும் பொய்ப்பதுண்டு. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுக்க இயல்பில் பாதிகூடப் பெய்யவில்லை. பத்தாண்டுக் கணக்கில் இப்படி ஓர் ஆண்டு விழுந்தால் சராசரியே சரிந்துவிடும்.

ஓர் ஊரின் ஆண்டு மழை சராசரியிலிருந்து 30 விழுக்காடு ஏறி இறங்குவதாகக் கொள்வோம். 10 ஆண்டுப் பதிவில் கிடைக்கும் சராசரியில் ஏறக்குறைய 9 விழுக்காடு பிழை இருக்கலாம். 30 ஆண்டில் அது 5 அல்லது 6, நூறாண்டில் 3. உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுச் சராசரியை 'இயல்பு' எனக் கொள்வது ஒரு நடைமுறைச் சமரசம். பெருமழைக்கு அதுவும் போதாது. நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழை 30 ஆண்டுப் பதிவில் தென்படும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். பாலத்துக்கும் தடுப்பணைக்கும் அளவு குறிப்பவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு இது.

நீளம் மட்டும் போதாது. மானிக்கருகே மரம் வளர்ந்தாலும், கட்டடம் எழுந்தாலும், நிலையமே இடம் மாறினாலும் அந்த மாற்றம் பருவநிலை மாற்றம்போலத் தோற்றம் தரும். அதனால் ஆய்வாளர்கள் பக்கத்து நிலையங்களோடு ஒப்பிட்டுத்தான் பழைய எண்களை ஏற்பார்கள். ஒரே மாவட்டத்தில் கோவை நகருக்கு ஆண்டுக்குச் சுமார் 600 முதல் 700 மி.மீ., வால்பாறைக்கு அதைப்போலப் பல மடங்கு. மலைக்கு மேலுள்ள மானியைக் கொண்டு சமவெளியின் கணக்கைச் சரிபார்க்க முடியாது.

உலக வானிலை அமைப்பின் கணக்கில் இப்போது வழக்கிலுள்ள இயல்பு 1991 முதல் 2020 வரையிலானது. அடுத்தது 2001 முதல் 2030 வரை. அதற்கான குறிப்பேட்டில் பெரும்பகுதி ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது.