நூறாண்டு வெள்ளம் என்றால் என்ன? ஜொகூரை வைத்துப் பருவநிலை மாற்றம் படிப்போம்

பருவநிலை மாற்றம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், நம் மாணவர்களில் பலர் துருவக் கரடியில் தொடங்கிப் பனிமலை உருகுவதில் முடித்துவிடுகிறார்கள். தவறில்லை. ஆனால் சிகாமட்டிலோ கோத்தா திங்கியிலோ படிக்கும் பிள்ளை, முழங்கால் அளவு தண்ணீரில் புத்தகப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கும். அது மட்டும் கட்டுரையில் வராது. இந்த முறை ஜொகூரை வைத்தே பாடத்தைப் பார்ப்போமே.

2006 டிசம்பர் மூன்றாம் வாரம் ஜொகூரில் பெருவெள்ளம். தண்ணீர் வடிந்து, வீட்டைக் கழுவி, நனைந்த மெத்தையைத் தூக்கி வெளியே போட்டு முடிப்பதற்குள், 2007 ஜனவரி இரண்டாம் வாரம் மறுபடியும் வந்தது. கோத்தா திங்கியில் இரண்டாவது வெள்ளம் முதலாவதைவிட உயரமாக ஏறியது. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வெளியேற்றப்பட்டார்கள். 18 பேர் இறந்தார்கள். இழப்பு ஏறத்தாழ 150 கோடி ரிங்கிட். பெய்த மழையை ஆராய்ந்தவர்கள் டிசம்பர் மழையை ஐம்பதாண்டு மழை என்றும், ஜனவரி மழையை நூறாண்டு அளவையும் தாண்டியது என்றும் கணித்தார்கள்.

இதைச் சொன்னதும் வகுப்பில் கட்டாயம் ஒரு கை உயரும். "அம்பது வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும்னா, அடுத்த மாசமே அதைவிடப் பெருசா எப்படி சார் வந்துச்சு?" அருமையான கேள்வி. பெரியவர்கள் பலரும் தடுமாறும் இடம் இதுதான்.

நூறாண்டு வெள்ளம் என்பது நாட்காட்டிக் கணக்கு இல்லை; வாய்ப்புக் கணக்கு. எந்த ஓர் ஆண்டை எடுத்தாலும் அப்படியொரு வெள்ளம் வர 1 விழுக்காடு வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான். ஒரு பையில் 99 வெள்ளைப் பந்து, ஒரு சிவப்புப் பந்து. ஆண்டுக்கு ஒரு தடவை கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்பப் பையிலேயே போட்டுவிடுகிறோம். இந்த ஆண்டு சிவப்பு வந்ததால் அடுத்த ஆண்டு வராது என்று பைக்குத் தெரியுமா, என்ன? ஆற்றோரத் தாமானில் 30 ஆண்டுக் கடனில் ஒருவர் வீடு வாங்குகிறார். ஒவ்வோர் ஆண்டும் தப்பிக்கும் வாய்ப்பு 0.99. அதை முப்பது தடவை பெருக்கினால் ஏறத்தாழ 0.74. அதாவது, கடன் முடிவதற்குள் ஒரு தடவையாவது அந்த வெள்ளத்தைப் பார்க்கும் வாய்ப்பு 26 விழுக்காடு. "நூறு வருஷத்துக்கு ஒண்ணுதானே" என்று அலட்சியமாக இருக்க முடியாது, பாருங்கள்.

பருவநிலை மாற்றம் செய்கிற வேலை, அந்தப் பையில் இன்னொரு சிவப்புப் பந்தைப் போடுவது போன்றது. காற்றின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும். ஆகவே கொட்டுகிற மழை இன்னும் பலமாகக் கொட்டும். தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தோடு ஒப்பிட்டால், 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் பூமி சுமார் 1.1 டிகிரி சூடாகியிருந்தது. பையில் சிவப்பு இரண்டானால், அதே 30 ஆண்டில் வாய்ப்பு 45 விழுக்காடாகிவிடும். (இது புரிவதற்கான கணக்கு. ஜொகூருக்கான அளவு என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள்!)

இன்னொரு எச்சரிக்கை. "2006 வெள்ளத்துக்குக் காரணம் பருவநிலை மாற்றமே" என்று ஒரே வரியில் முடிப்பதும் சரியல்ல. காடு தோட்டமாகி, தோட்டம் தாமானாகும்போது மழைநீர் மண்ணில் இறங்காமல் நேரே ஆற்றுக்கு ஓடுகிறது. ஜொகூர் ஆற்றில் கடல் ஏறி நிற்கும் நேரத்தில் கோத்தா திங்கித் தண்ணீர் வடிய வழியில்லை. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செண்டிமீட்டர் உயர்ந்திருப்பதை இதோடு சேர்த்துப் படியுங்கள். ஒரு வெள்ளத்துக்குப் பல அப்பன்கள்.

சரி, எதிர்காலத்துக்கு எப்படித் திட்டமிடுகிறார்கள்? பழைய கால்வாய்களெல்லாம் பழைய மழைப் பதிவை வைத்துக் கட்டியவை. நேற்று பெய்ததுபோலத்தான் நாளையும் பெய்யும் என்ற நம்பிக்கை. அது இனி செல்லாது. அதனால்தான் தேசிய நீர் ஆராய்ச்சிக் கழகமான நாஹ்ரிம், உலகப் பருவநிலை மாதிரிகளைத் தீபகற்ப மலேசியாவுக்கு ஏற்பச் சிறு கட்டங்களாக்கி ஆராய்ந்து, 2013இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. வடிவமைப்புக்குரிய மழை அளவை ஒரு காரணியால் பெருக்கி, வருங்கால மழைக்கேற்பக் கட்டமைப்புகளைத் திட்டமிட அது வழி சொல்கிறது. இதற்குத் தகவமைத்தல் என்று பெயர். புகையைக் குறைப்பது வேறு, அது தணித்தல். இஸ்கந்தர் மலேசியாவின் 2012ஆம் ஆண்டுத் திட்டவரைவு, 2005ஐ ஒப்பிட்டு 2025க்குள் வெளியேற்றச் செறிவை 58 விழுக்காடு குறைக்க இலக்கு வைத்தது தணித்தலுக்கு எடுத்துக்காட்டு. மாணவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறோம்.

வெள்ளத்துக்கு மட்டும் திட்டமிட்டால் போதுமா? அதே ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் இருக்கிற லிங்கியூ நீர்த்தேக்கம், 2016 அக்டோபரில் கொள்ளளவில் சுமார் 20 விழுக்காடாக வற்றியது. ஆற்றில் உப்புநீர் மேலேறாமல் தள்ளத் தேவையான தண்ணீர் அங்கிருந்துதான் வரவேண்டும். பத்தாண்டு முன்பு ஊரையே மூழ்கடித்த ஆறு!

2023 மார்ச்சில், பருவமழை ஓய வேண்டிய மாதத்தில், மறுபடி 40,000க்கும் அதிகமானோர் ஜொகூரில் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். பத்து பஹாட்டில் வாரக்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. எஸ்.பி.எம். எழுத்துத் தேர்வு நடந்துகொண்டிருந்த நேரம் அது.

ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்புப் பயிற்சி: மாணவர்கள் தங்கள் வீட்டுச் சுவரில் பழைய வெள்ளக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்து வரட்டும், எந்த ஆண்டு என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதட்டும். பிறகு எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் குறியுங்கள். அப்படியே நம் பள்ளியில் பாடநூல் அறை எந்த மாடியில் இருக்கிறது என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.