ஃபுளூரோசிசு நோய் வரைபடமும் இடஞ்சார் புள்ளியியலும்

இடஞ்சார் புள்ளியியல் என்பது ஒரு தரவின் அளவோடு அது பெறப்பட்ட இடத்தையும் சேர்த்து ஆராயும் புள்ளியியல் பிரிவாகும். நோய் எங்கு மிகுந்துள்ளது, ஏன் அங்கு மிகுந்துள்ளது என்பதை அறிய இது பயன்படுகிறது. நிலத்தடி நீரிலுள்ள மிகை ஃபுளூரைடால் உண்டாகும் ஃபுளூரோசிசு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

பின்னணி

இந்தியாவில் இந்நோய் 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது. கல்லாவி உள்ளிட்ட ஊர்களைக் கொண்ட கிருஷ்ணகிரி மாவட்டமும், 2004 வரை அதைத் தன்னுள் கொண்டிருந்த தர்மபுரி மாவட்டமும் கடினப் பாறைப் பகுதிகள். பாறையிலுள்ள கனிமங்களிலிருந்து ஃபுளூரைடு மெல்லக் கரைந்து நீரில் கலக்கிறது. பாறையும் அதன் வெடிப்புகளும் இடத்துக்கு இடம் மாறுவதால், அருகருகே உள்ள ஆழ்துளைக் கிணறுகளிலும் அளவு வேறுபடலாம்.

சராசரியின் குறை

குடிநீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு. மூன்று கிணறுகளில் முறையே 0.5, 0.7, 3.0 மி.கி. இருப்பதாகக் கொள்வோம். சராசரி 1.4, பாதுகாப்பானதாகத் தோன்றும். ஆனால் மூன்றாம் கிணற்று நீரைக் குடிப்போர் வரம்பைப் போல் இரு மடங்கு ஃபுளூரைடை உட்கொள்கின்றனர். வரைபடம் அந்தக் கிணற்றைத் தனியே காட்டும்.

முறைகள்

சோதிக்கப்பட்ட கிணறுகளின் அளவுகளைக் கொண்டு, சோதிக்கப்படாத இடங்களின் அளவை மதிப்பிடுவது கிரிகிங் முறை. தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிக் பெயரால் இது வழங்குகிறது. மதிப்பீட்டில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் இது தருவதால், அடுத்து எங்கு நீர் மாதிரி எடுக்க வேண்டும் என்பதும் தெரியவரும். உயர்ந்த அளவுகள் ஒன்றையொன்று அடுத்துத் திரண்டுள்ளனவா என்பதை மோரான் குறியீடு சோதிக்கிறது.

கவனிக்க வேண்டியவை

பற்களில் கறை, எனாமல் உருவாகும் சிறுவயதில் குடித்த நீரால் ஏற்படுகிறது. கல்லாவியில் வளர்ந்து ஓசூர்த் தொழிற்சாலையில் பணிபுரியும் ஒருவரின் பற்கறையை ஓசூர் நீரின் கணக்கில் சேர்த்தால் வரைபடம் பிழையாகும். ஆகவே வளர்ந்த ஊரையும் பதிவு செய்ய வேண்டும். மேலும், பாறை மாநில எல்லையில் நிற்பதில்லை; எல்லையோர ஊர்களுக்குக் கர்நாடகப் பகுதியின் தரவும் தேவை.

கொள்கை

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரை வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளூரோசிசு தணிப்புத் திட்டம், சப்பானியக் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்டு 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. எலும்பைத் தாக்கிய ஃபுளூரோசிசை முழுமையாகக் குணப்படுத்த மருந்தில்லை. எனவே குழாய் நீர் தடைபடும் நாளில் எந்த ஆழ்துளைக் கிணற்றை நாடலாம், எதை நாடக்கூடாது என்பதை மக்களுக்குச் சொல்ல இவ்வரைபடங்கள் தொடர்ந்து தேவைப்படுகின்றன.