கோல் விழும் நொடியில்

லகாட்டிலிருந்து ஈப்போவின் பேராக் அரங்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். என் பெரியப்பாவுக்கு அது ஒரு தூரமாகவே இருந்ததில்லை. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், ஆட்டம் உள்ள மாலைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பிறகு இனிப்புநீர் முற்றியது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பின் ஒரே ஒருமுறை, வேறோர் ஊர் அரங்கத்துக்கு அவரைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனோம். சீட்டு கிடைத்தது. வாசலில் நின்றவர்கள் நல்ல மனத்தோடு நாற்காலியைத் தூக்கி உள்ளே விட்டார்கள். அன்றைய ஆட்டத்தின் ஒரே கோல் விழுந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. பெரியப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வரிசை முதுகுகள். சட்டையைப் பிடித்து இழுத்து, “யாருடா அடிச்சது?” என்று என்னைக் கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்தபோது ஒன்று தெரிந்தது. அரங்கம் கட்டும் பொறியாளர்களுக்கு இது புதிய சிக்கல் அல்ல. அளவெடுத்து, கணக்குப் போட்டு, விடையும் கண்டு வைத்திருக்கிறார்கள்.

அந்த விடைக்குப் பெயர் பார்வைக்கோடு. நம் கண்ணிலிருந்து ஆடுகளத்தின் அருகிலுள்ள எல்லைக்கோட்டுக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நூல் முன்வரிசையில் இருப்பவரின் தலையைத் தொடாமல் அதற்கு மேலே போக வேண்டும். தொட்டால் பந்து மறையும். இதற்காகத்தான் அரங்கின் வரிசைகள் படிப்படியாக உயர்கின்றன. இருவருமே உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு படியும் 30, 40 சென்டிமீட்டர் உயர்ந்தாலே போதும். முன்னால் இருப்பவர் எழுந்தால் பின்னால் இருப்பவரும் எழுந்துகொள்வார், கணக்கு சரியாகிவிடும்.

எழ முடியாதவருக்குத்தான் அந்தக் கணக்கு உடைகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 1.15 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முன்னால் எழுந்து நிற்பவரின் உச்சந்தலை 1.75 மீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 60 சென்டிமீட்டர். அதை மட்டும் ஈடுகட்டினால் கண்ணும் தலையும் ஒரே மட்டத்துக்கு வரும், அவ்வளவுதான். ஆனால் ஆடுகளம் கீழே இருக்கிறது. பார்வை சரிந்து இறங்க வேண்டும். முன்னால் நிற்பவர் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான தள்ளலில் இருந்தால், அந்தச் சரிவுக்கென்று இன்னும் 40 சென்டிமீட்டராவது வேண்டும். கொடியசைப்பவர், தொப்பி போட்டவர், பிள்ளையைத் தோளில் ஏற்றியவர் என்று கொஞ்சம் இடைவெளியும் விட வேண்டும். எல்லாம் கூட்டினால் சுமார் 1.2 மீட்டர். சாதாரணப் படியைப்போல் மூன்று மடங்கு. ஆகவே நல்ல அரங்குகளில் சக்கர நாற்காலி மேடைக்கும் அதற்கு முன்வரிசைக்கும் இடையே இந்த உயரம் விட்டுக் கட்டுகிறார்கள். நாற்காலிக்காரர் கோலைப் பார்க்கிறாரா, முதுகைப் பார்க்கிறாரா என்பதை முடிவு செய்வது அந்த ஒரே ஒரு உயரமான படி. கட்டும்போதே வைத்தால் அதற்குச் செலவு குறைவு. கான்கிரீட் இறுகிய பிறகு உடைத்துச் செய்தால் பல மடங்கு ஆகும்.

பல இடங்களில் வேறு வழி பார்க்கிறார்கள். நாற்காலிகளைக் கீழே, ஆடுகளத்தை ஒட்டியே நிறுத்திவிடுகிறார்கள். ஏற வேண்டாம், இறங்க வேண்டாம், சுலபம் என்பது எண்ணம். அங்கே போய் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். விளம்பரப் பலகை, புகைப்படக்காரர்கள், காவலர்கள், பந்து பொறுக்கும் பிள்ளைகள் என்று குறுக்கே நிற்பவர்கள் எத்தனை பேர்! அந்தத் தாழ்வான கண்மட்டத்தில் எதிர்ப்பக்கத்து ஆட்டம் கலங்கலாகத்தான் தெரியும். உதைத்த பந்து மேலே வந்தால் விலகவும் முடியாது. அதோடு நம் ஈப்போ மழை இருக்கிறது. மாலையில் கறுத்துக்கொண்டு வந்து கொட்டும் மழையில் மற்றவர்கள் ஓடிக் கூரைக்கடியில் நின்றுகொள்வார்கள். மின்கல நாற்காலியில் இருப்பவரோ முழுக்க நனைவார். நாற்காலியின் மின்பாகமும் நனையும். மேடை கூரைக்குள் இருக்க வேண்டும் என்பதை நம் ஊர் அரங்குகளுக்கான முதல் விதியாகவே எழுத வேண்டும் என்பேன்.

எத்தனை இடம் வேண்டும்? பிரித்தானியாவில் 2003-இல் வெளிவந்த அரங்க வழிகாட்டி நூல் இதற்கு ஒரு வாய்பாடு தருகிறது. புதிதாகக் கட்டும் அரங்கில் 40,000 இருக்கைகள் என்றால் 210 சக்கர நாற்காலி இடங்கள். அதற்கு மேல் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் இரண்டு. பேராக் அரங்கம் 1965-இல் திறக்கப்பட்டது. இங்கே நாற்காலிக்காரர்களைப் பற்றி எந்தச் சட்டமும் பேசாத காலம் அது. சுமார் 42,500 பேர் கொள்ளும் அரங்கம் என்பார்கள். அந்த அளவில் இன்று புதிதாக ஒன்றைக் கட்டினால் அந்த வாய்பாட்டின்படி 215 இடங்கள் இருக்க வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்திலேயே துணைக்கு வருபவருக்கு ஓர் இருக்கை. பின்னால் அல்ல, பக்கத்தில். மகன் பின்வரிசையிலும் அப்பா முன்னாலும் இருந்தால் இருவரும் சேர்ந்து ஆட்டம் பார்த்ததாக ஆகுமா? எல்லா இடங்களையும் ஒரே மூலையில் குவிக்கவும் கூடாது. அப்படிக் குவித்தால் பேராக் அணியின் ஆதரவாளர் எதிரணிக் கூட்டத்தின் நடுவே வாய்மூடி உட்கார வேண்டிவரும்.

மேடை இருந்தால் போதாது, அங்கே போய்ச் சேர வேண்டும். சாய்தளத்துக்கு உலகம் முழுக்கப் பழகிய அளவு 1-க்கு 12. அதாவது 1.2 மீட்டர் உயரம் ஏற 14.4 மீட்டர் நீளம். இடையிடையே மூச்சுவாங்க சமதளம். இதைவிடச் செங்குத்தாக இருந்தால் ஏறும்போது தள்ளுபவருக்கு மூச்சிரைக்கும், இறங்கும்போது நாற்காலி அவர் கையைவிட்டு ஓடப்பார்க்கும். கதவு 90 சென்டிமீட்டர் அகலம். கழிவறைக்குள் நாற்காலி முழுதாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம். அந்தக் கழிவறை மேடைக்கு அருகிலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் இடைவேளை 15 நிமிடம்தான். அரங்கத்தின் மறுகோடியில் இருக்கும் கழிவறையைத் தேடிப் போய்த் திரும்புவதற்குள் இரண்டாம் பாதி தொடங்கி, ஒரு கோலும் விழுந்திருக்கும். கழிவறையைச் சாமான் அறையாக்கிப் பூட்டி, சாவியை யாரிடமோ கொடுத்துவைக்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு. அதற்கு எந்த வாய்பாடும் உதவாது.

நாற்காலியைப் பற்றியே இவ்வளவு பேசிவிட்டேன். அதே கோல் நொடியில் கண் தெரியாத ரசிகர் என்ன செய்வார்? ஆரவாரம் கேட்கும்; எதற்கு என்று தெரியாது. தோட்டத்து வீடுகளில் மலேசியக் கிண்ண ஆட்டத்தை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் மருந்து எதுவென்று உடனே புரியும். தொலைக்காட்சி வர்ணனையாளர், நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் ஆட்டக்காரரின் சம்பளத்தைப் பற்றிக்கூடப் பேசுவார். பார்வையற்றோருக்கான வர்ணனையில் பந்து எந்தப் பக்கம், கோலுக்கு எத்தனை மீட்டர், இடக்காலா வலக்காலா, காப்பாளர் எங்கே நிற்கிறார் என்பதைத்தான் சொல்ல வேண்டும். அரங்கத்துக்குள் சிறு அலைபரப்பி வைத்துக் காதொலிப்பானுக்கு நேரடியாக அனுப்புவார்கள். இணையம் வழியாகச் சுற்றி வந்தால் சில விநாடிகள் தாமதமாகும். பக்கத்தில் இருப்பவர் கத்தி முடித்த பிறகுதான் காதில் கோல் விழும். 2022 கத்தார் உலகக் கிண்ணத்தில் இப்படியொரு வர்ணனை அரபு மொழியிலும் தரப்பட்டது. கருவி இல்லாமலும் இது நடக்கும். பிரேசில் நாட்டில் ஒரு தாய், பார்வையற்ற தன் மகனை பால்மெய்ராஸ் அணியின் ஆட்டங்களுக்கு அழைத்துப் போய், காதருகே ஆட்டம் முழுவதையும் சொல்லிக்கொண்டிருப்பார். உலகக் காற்பந்துச் சம்மேளனம் 2019-இல் சிறந்த ரசிகர் விருதை அவருக்குத்தான் கொடுத்தது.

இப்போது தொட்டுப் பார்க்கும் பலகைகளும் வந்திருக்கின்றன. மடியில் வைத்துக்கொள்ளும் அளவுதான். ஆடுகளத்தின் கோடுகள் அதில் புடைத்திருக்கும். படக்கருவிகள் பந்தைப் பின்தொடர்ந்து கணினிக்குச் சொல்ல, பலகையின் மேல் ஒரு சின்ன வில்லை பந்து போகும் பக்கமெல்லாம் நகரும். விரல் அந்த வில்லையின் மேல் இருந்தால் போதும், எதிர்த்தாக்குதல் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்பது கைக்குத் தெரிந்துவிடும்.

காது கேளாதவர்களுக்குக் கேட்புக் கருவியோடு பேசும் காந்தச் சுற்று உண்டு. சீட்டு விற்கும் இடத்திலோ இருக்கைப் பகுதியிலோ ஒரு கம்பியைச் சுற்றிப் பதித்து, பேச்சின் மின்னலையை அதில் செலுத்தினால் காந்தப்புலம் உண்டாகும். கேட்புக் கருவிக்குள் இருக்கும் சுருள் அதை வாங்கி மறுபடி ஒலியாக்கும். சுற்றியுள்ள இரைச்சல் உள்ளே வராது. இங்கிலாந்தின் நியூகாசல் அணி 2024 ஏப்ரலில் இன்னொன்றும் செய்து பார்த்தது. அரங்கின் ஆரவாரத்தை ஒலிவாங்கிகள் பிடித்து அதிர்வாக மாற்றின. காது கேளாத ரசிகர்கள் போட்டிருந்த சட்டைகள் அந்த ஆரவாரத்துக்கு ஏற்ப உடம்பில் அதிர்ந்தன.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கோ அந்த ஆரவாரமே தாங்காது. அவர்களுக்காகக் கண்ணாடிச் சுவர் போட்ட, ஒலி அடங்கிய ஓர் அமைதி அறை. சண்டர்லாந்து அணியின் அரங்கில் 2015-இல் அப்படி ஒன்றைத் திறந்தார்கள். ஓர் இரசிகக் குடும்பத்தின் கோரிக்கையிலிருந்து பிறந்த அறை அது. கத்தார் உலகக் கிண்ணத்தின்போது மூன்று அரங்குகளில் இப்படிப்பட்ட அறைகள் இருந்தன.

நம் நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது. சீரான கட்டடத் துணைவிதிகளில் 34ஏ என்ற விதி, பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகள் போய்வர வழி கேட்கிறது. அளவுகளை எம்.எஸ். 1184 என்ற மலேசியத் தரவிதி சொல்கிறது. 2008-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685, பொது வசதிகளைப் பயன்படுத்தும் உரிமையை 26-ஆம் பிரிவிலும், பொழுதுபோக்கு, விளையாட்டு இவற்றில் பங்கேற்கும் உரிமையை 32-ஆம் பிரிவிலும் தருகிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் மீறியவருக்குத் தண்டனை இல்லை. பல்லில்லாத சட்டம் என்று மாற்றுத்திறனாளிகள் சொல்வது நியாயமே. ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தாமலே ஓர் அரங்கம் மாறுவதையும் பார்த்திருக்கிறோம். 2017-இல் கோலாலம்பூரில் ஆசியான் பாரா விளையாட்டுகள் நடந்தபோது பார்வையற்றோர் காற்பந்தும் இருந்தது. பந்துக்குள் ஒலிக்கும் மணிகள். அந்த ஒலியைக் கேட்டுத்தான் ஆடுவார்கள். ஆகவே பந்து ஆட்டத்தில் இருக்கும்வரை கூட்டம் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கும், கோல் விழுந்ததும் வெடிக்கும். ஆடுபவருக்காக ஓர் அரங்கம் முழுவதும் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள முடியும் என்றால், பார்க்க வருபவருக்காக ஒரு படியை உயர்த்துவது பெரிய காரியமா?

இதைத் தமிழர்களான நமக்கு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே அது மிக அதிகம். லகாட், மெங்லெம்பு, பத்து காஜா பக்கம் எந்தத் தெருவில் நின்று கேட்டாலும் காலை இழந்த ஒருவரைக் காட்டுவார்கள். அவர்களில் பலர், பேராக் 1998-லும் 2000-லும் மலேசியக் கிண்ணத்தை வென்றபோது தொண்டை கட்டக் கத்தியவர்கள். 2018-இல் மீண்டும் வென்றபோது தொலைக்காட்சியில்தான் பார்த்தார்கள்.

வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த ஆட்டத்துக்கு அவருக்கும் சேர்த்துச் சீட்டுக் கேளுங்கள். சமூகநல இலாகாவின் ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி) அட்டையைக் காட்டி, நாற்காலிக்கு எங்கே இடம், துணையாளுக்கு எங்கே இருக்கை, முன்னால் எழுந்து நிற்பார்களா, கழிவறைச் சாவி யாரிடம் என்று எல்லாவற்றையும் கேளுங்கள். இடம் இல்லை என்றால் அந்தப் பதிலை எழுத்தில் வாங்கி, அரங்கத்தை நடத்துபவர்களுக்கும் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். யாரும் வருவதில்லை, அதனால்தான் கட்டவில்லை என்று அவர்கள் இனி சொல்லக் கூடாது.