கணக்கில் விடுபட்ட வரி



ஆசிரியனாகப் பணியாற்றிய காலத்தில் இலாப நட்டக் கணக்குகளை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். வாங்கிய விலை இவ்வளவு, விற்ற விலை இவ்வளவு, இலாபம் எவ்வளவு? விடை சரியாயிருந்தால் அடுத்த கணக்குக்குச் செல்வேன். அப்பண்டத்தைச் செய்தபோது ஆற்றில் கலந்த கழிவு எவ்வளவு, வானில் ஏறிய புகை எவ்வளவு, அச்செலவை யார் ஏற்பது என்று ஒரு நாளும் கேட்டேனில்லை. ஓய்வு பெற்ற பின்னர், அமெரிக்கத் தொழிலதிபர் ஒருவரின் வரலாற்றைப் படித்தபோதுதான் என் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருந்தது புலனாயிற்று.

அவர் பெயர் ரே ஆண்டர்சன். ஜார்ஜியா மாநிலத்தில் 1934-இல் பிறந்தவர்; பொறியியல் கற்றவர். 1973-இல் இன்டர்ஃபேஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அலுவலகத் தரையில் பதிக்கும் சதுரக் கம்பளத் துண்டுகளைச் செய்வது அதன் தொழில். ஒரு துண்டு தேய்ந்தால் அதனை மட்டும் மாற்றிக் கொள்ளலாம். ஆகவே தொழில் செழித்தது. ஆனால் அக்கம்பளத்தின் நைலான் இழை பெட்ரோலியத்திலிருந்து வருவது. தேய்ந்த கம்பளமோ குப்பைமேட்டில் புதைந்தது.

சுற்றுச்சூழலுக்காக உங்கள் நிறுவனம் என்ன செய்கிறது என்று வாடிக்கையாளர் சிலர் கேட்கத் தொடங்கினர். 1994-இல் அதுபற்றி ஆராய அலுவலர் குழு ஒன்று கூடியது. தலைவரைப் பேச அழைத்தது. சட்டத்துக்குக் கீழ்ப்படிகிறோம் என்பதற்கு மேல் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. அவ்வேளையில் வாணிகத்தால் இயற்கை அழிவதைப் பற்றிப் பால் ஹாக்கன் எழுதிய நூல் அவர் கைக்கு வந்தது. நெஞ்சில் ஈட்டி பாய்ந்தாற்போல் இருந்தது என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 60. பலர் ஓய்வை நாடும் வயதில் அவர் தம் தொழிலை மீண்டும் கற்கத் தொடங்கினார்.

முதலில் அவர் விரயம் என்னும் சொல்லுக்குப் பொருளை விரித்தார். வாடிக்கையாளருக்குப் பயன் தராத செலவு எதுவாயினும் அது விரயமே. வெட்டி எறிந்த துண்டு மட்டுமன்று. தவறான முகவரிக்குச் சென்ற சரக்கும், பிழையான விலைச்சீட்டும் விரயமே. பின்னர், நிலத்தடியிலிருந்து எடுத்து எரிக்கும் நிலக்கரியையும் எண்ணெயையும் இப்பட்டியலில் சேர்த்தார்.

இதன் பயனை விளக்க ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1997-இல் ஷாங்காய் நகரில் அந்நிறுவனம் ஓர் ஆலை கட்டியது. திரவத்தைக் குழாய்களில் ஓட்டும் பம்புகளுக்கு மொத்தம் 95 குதிரைத்திறன் வேண்டும் என்று வல்லுநர்கள் கணக்கிட்டிருந்தனர். நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் அதனை 7 குதிரைத்திறனாகக் குறைத்தார். எவ்வாறு? குறுகிய குழாய்க்குப் பதில் அகன்ற குழாயைப் பொருத்தினார். விட்டம் இருமடங்கானால், அதே அளவு திரவம் செல்லும்போது உராய்வால் நேரும் அழுத்த இழப்பு ஏறத்தாழ முப்பத்திரண்டில் ஒரு பங்காகிவிடும். மேலும், இயந்திரங்களை முதலில் வைத்துப் பின்னர் குழாய்களை வளைத்து வளைத்துக் கொண்டு செல்வதே வழக்கம். அவரோ குழாய்களை நேராக அமைத்துவிட்டு, அவற்றுக்கேற்ப இயந்திரங்களை வைத்தார். அகன்ற குழாய்க்கு விலை கூடுதல். ஆனால் பம்பும் மோட்டாரும் சிறியனவாயின. மொத்தச் செலவு குறைந்தது.

இங்கே புதிய விஞ்ஞானம் எதுவுமில்லை. உராய்வின் விதி நெடுங்காலமாகப் பாடநூல்களில் இருப்பதே. குழாயின் விலையை மட்டும் பாராமல் முழுச்செலவையும் பார்க்கும் வழக்கம் ஓர் ஆலையில் வேரூன்ற வேண்டும். அதனை வேரூன்றச் செய்வதே தலைமையின் கடமை.

விரயத்தைக் குறைத்ததால் மிச்சமான தொகை 40 கோடி டாலருக்கு மேல் என்றும், மாற்றங்களுக்கான செலவு முழுவதையும் அதுவே ஈடுகட்டியது என்றும் 2009-இல் ஆண்டர்சன் அறிவித்தார். 2020-க்குள் இயற்கைக்குத் தம் நிறுவனத்தால் எத்தீங்கும் நேராதிருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த இலக்கு. 2011-இல் அவர் மறைந்தார். 2019-இல் இலக்கை எட்டிவிட்டதாக நிறுவனம் கூறியது.

இதனை அப்படியே ஏற்றுக் கொள்ளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். கம்பளத்தை விற்காமல் வாடகைக்குத் தரும் அவருடைய திட்டம் பெரிதும் எடுபடவில்லை. நிறுவனம் அப்போது காட்டிய கரியமில வாயுக் கணக்கிலும், வேறிடங்களில் நடந்த குறைப்புப் பணிகளுக்குப் பணம் கொடுத்துப் பெற்ற ஈடு அடங்கியிருந்தது. இவற்றையும் சேர்த்தே மதிப்பிடுவதுதான் கற்றவர்க்கு அழகு. ஆயினும், இயற்கையைக் காத்தால் தொழில் நொடித்துப்போகும் என்னும் கூற்றை இவ்வரலாறு பெரிதும் ஆட்டங்காணச் செய்துவிட்டது.

நாளை உங்களில் சிலர் கடை நடத்துவீர்கள். சிலர் ஆலை நடத்துவீர்கள். பலர் பிறருடைய கணக்கை எழுதுவீர்கள். என் கரும்பலகையில் நான் எழுதாமல் விட்ட வரியை உங்கள் ஏட்டிலேனும் எழுதுங்கள். அதனை எழுதியபின் இலாபம் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள்.